கதவிலக்கம் உள்ள கலை

(கோவையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். தஞ்சாவூருக்குப் போய்வந்தேன் என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். காலையில் பெரிய கோவில், பதினோரு மணிக்கு அரண்மனை, வாசலில் ஒரு தலையாட்டி பொம்மை, சாப்பாடு, கும்பகோணம் பஸ். இதுதான் பெரும்பாலும் பதில். நான் அந்த ஊரில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உறவுக்காரர்கள் வந்தால் ஊர் சுற்றிக் காட்டும் வேலை எனக்குத்தான். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

பெரிய கோவிலில் நிமிர்ந்து விமானத்தைப் பார்ப்பீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே மேல்தளத்தில் சிவனே ஆடிக்காட்டும் கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய அசைவுகளின் சிற்பங்கள், இருக்கின்றன. நூற்றெட்டில் 81 செதுக்கி, மீதிக் கற்களை வெறுமனே விட்டுவிட்டார்கள். அங்கே நம்மை விடமாட்டார்கள். சரி, போகட்டும். வடபுறத் திருச்சுற்றுச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு கல்வெட்டு இருக்கிறது, அதற்குக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. 1010-ஐ ஒட்டி, ராஜராஜன் பல ஊர்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது ஆடல் மகளிரை, வரவழைத்துக் குடியமர்த்திய கணக்கு அது. ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, எல்லாம் எழுதியிருக்கிறது. தலைக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு நடனக்காரிக்குக் கதவிலக்கம் கொடுத்த ஊர் இது. இன்றைக்கும் தஞ்சாவூரில் கலையைத் தேடுவதென்றால் வீடு தேடித்தான் போக வேண்டும்.

மேலவீதிக்கு நடந்து போங்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள், தஞ்சை நால்வர், தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்து அரசவையில் இருந்தவர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிறதே, நம் வீட்டுப் பெண்கள் அரங்கேற்றத்தில் ஆடுகிற பரதநாட்டிய வரிசை, அதை ஒழுங்குபடுத்தியது அவர்கள்தான். அவர்கள் வழியினரின் வீடு அந்த வீதியில். அதே வீதியில் பங்காரு காமாட்சி கோவில், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகளின் குடும்பம் பூசை செய்த கோவில். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தெருதான். சைக்கிள் கடை, டீக்கடை எல்லாம் இருக்கும்.

அப்புறம் வீணைப் பட்டறை. இதற்கு ஒரு முழு முற்பகல் ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம். ஒரே கட்டையில் குடமும், நீண்ட கழுத்தான தண்டியும், அதன் முனையில் யாளி முகமும் வரும்படி குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. குடத்தைக் குடையும்போது ஆசாரி அவ்வப்போது விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுப்பார். எத்தனை கனம் மிச்சம் என்று அந்தச் சத்தம் சொல்லிவிடும். அதைவிட அருமை கடைசி வேலை. தேன்மெழுகையும் கரித்தூளையும் கலந்து காய்ச்சி, தண்டியின் மேல் வரப்பு மாதிரி வைத்து, அதில் 24 மெட்டுகளை, அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கிற உலோகக் கட்டைகளை, பதிப்பார்கள். மெழுகு இளகி இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாக நகர்த்தி, தந்தியை மீட்டிக் கேட்டு, மறுபடி நகர்த்தி. அளவுகோலைக் கையில் எடுக்கவே மாட்டார். நான் ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு மெட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. என்னோடு வந்த மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது, வெளியே போய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வீணை இது. போகும்போது வேலையைக் கெடுக்காமல் உட்காருங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

அரண்மனைக் கலைக்கூடத்தில் எல்லாச் செப்புத் திருமேனிகளையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். ஒன்றே ஒன்று போதும். திருவெண்காட்டில் மண்ணுக்குள் கிடைத்த ரிஷபவாகனர், காளையோடு நிற்கும் சிவன், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். சடையைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை போல் சுற்றி, ஒரு காலை லேசாக மடக்கி, காளையின் மேல் கையைப் போட்டுச் சாய்ந்து நிற்கிறார். காளை இல்லை. தொலைந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கை சாய்ந்திருக்கிற சுகத்தைப் பாருங்கள், காளை எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மாணவர்களை அழைத்துப் போய், இல்லாத காளையை வரையச் சொல்வேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரைவார்கள்.

வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் ஓவியம் வாங்குகிறவர்கள், மேலே ஒட்டிய தகடு உண்மையான தங்கமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஓவிய வாத்தியாராக இருந்தும் நானே ஒரு கடையில் ஏமாந்திருக்கிறேன். மூன்றாம் வருஷம் கிருஷ்ணர் கறுக்க ஆரம்பித்தார், அவர் கறுப்புதானே என்று வீட்டில் கேலி. முடிந்தால் வரைகிறவர் வீட்டிலேயே வாங்குங்கள். சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கை வைத்து மேடு எழுப்புவதைப் பார்த்துவிட்டால் விலை பேச மனசு வராது. உலோகத்தில் உருவம் பதித்த கலைத்தட்டு, தக்கை போன்ற நெட்டித் தண்டில் செய்யும் நெட்டி வேலை எல்லாம் உங்கள் விருப்பம்.

ஊருக்கு வெளியே இரண்டு இடங்கள். திருவையாறு ஆராதனை உங்களுக்குத் தெரியும், புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவார்கள். தியாகராஜர் சமாதியில் கோவிலைக் கட்டியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலம் அது. அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று மெலட்டூர். மே மாதம் நரசிம்ம ஜெயந்தியையொட்டிப் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம். பிரகலாத சரித்திரம், முழுக்கத் தெலுங்கில், பெண் வேடமும் ஆண்களே. மொழி புரியாதே என்று கேட்பீர்கள். எனக்கும் புரியாது. முதலில் கோணங்கி, அதாவது கோமாளி, வந்து குதிப்பார், பிறகு சின்னப் பையன் ஒருவன் பிள்ளையார் முகமூடியோடு வருவான். நள்ளிரவு தாண்டும். குழந்தைகள் மணலில் தூங்கிவிடும். பின்னிரவில் தூணிலிருந்து நரசிம்மர். அந்த முகமூடி கோவிலில் வைத்துப் பூசிக்கப்படுவது. அதை அணிபவர் அன்று விரதம் இருப்பார். ஆவேசம் வந்துவிடுவதால் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்க்கப் போயிருந்த வருஷம், எனக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டி அந்த நேரத்துக்குச் சரியாக எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரும் எழுப்பவில்லை.

தங்க அங்கே விடுதி தேடாதீர்கள். விடியும்வரை உட்கார்ந்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து தஞ்சாவூர் வந்துவிடலாம்.