3 வாரமா தேடின பேஸ், ஆம்ப்புக்குப் பின்னாடியே இருந்துச்சு!

வணக்கம் மக்களே. போன வாரமே வந்திருக்க வேண்டிய வீடியோ இது. ஏன் வரலன்னா, போன வாரம் போட்டிருந்தா முழுக்கத் தப்பா பேசிருப்பேன்.

ரெண்டு வீடியோவா புலம்பிட்டே இருந்தேன்ல, இந்த இன்ஸ்டலேஷன் ஆம்ப், அதாவது அரங்கம் மாதிரி பெரிய கட்டடத்துக்குன்னு செய்யற ஆம்ப்ளிஃபையர், வந்ததுல இருந்து பேஸே, அந்த ஆழமான அடி சவுண்டே இல்லன்னு? கமெண்ட்ல பாதிப் பேர், "அண்ணா, அது அறிவிப்பு சொல்றதுக்குச் செஞ்ச ஆம்ப், அதுல பாட்டு கேட்டா இப்படித்தான்"னு எழுதினீங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

ஸ்விட்ச் மக்களே. ஒரே ஒரு ஸ்விட்ச். இருங்க, கேமராவப் பின்னாடி கொண்டு போறேன்... ஒயர்ல மாட்டுது... ஆங். இந்த வரிசை தெரியுதா? டிப் ஸ்விட்ச். ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் நகத்துல பாதிகூட இல்ல. இதுல ஒண்ணு லோ கட், ஒரு அளவுக்குக் கீழ இருக்கிற ஆழமான சவுண்ட வெட்டற ஸ்விட்ச். 50 ஹெர்ட்ஸ்ல ஆன்ல இருந்திருக்கு!

3 வாரம். சோஃபாவ நகர்த்தினேன். ஸ்பீக்கர செவுத்தோட ஒட்டினேன், திரும்ப வெளிய இழுத்தேன். ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் மாறிப் போச்சோன்னு நாலு தடவ ஒயரக் கழட்டி மாட்டினேன். எங்க அக்கா வந்து பாத்துட்டு, "என்னடா, வீடு காலி பண்றியா?"ன்னு கேட்டா. கடைசில 30 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணப் போட்டேன், சின்ன சவுண்டுலதான். பழைய ஆம்ப்ல வூஃபர் கோன் உள்ளயும் வெளியயும் போறது கண்ணுக்கே தெரியுது. இதுல செத்த மாதிரி நிக்குது. அப்பதான் மேனுவல எடுத்தேன். மேனுவல்ல படமே போட்டிருக்கான். நான் மேனுவல் படிக்கிற ஆள் இல்லன்னு டர்ன்டேபிள் வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், விடுங்க.

அந்த ஸ்விட்ச் எதுக்குன்னு தெரிஞ்சதும் கோவம்கூடப் போயிருச்சு. பெரிய கட்டடத்துல கூரை முழுக்க ஸ்பீக்கர் இருக்கும்ல, அதுக்கு 70 வோல்ட், 100 வோல்ட் லைன்னு ஒரு முறை. கரன்ட் கம்பெனிக்காரங்க தூரத்துக்கு அனுப்பும்போது வோல்டேஜ ஏத்துற மாதிரியேதான். வோல்டேஜ் அதிகம், கரன்ட் கம்மி, மெல்லிசு ஒயரே போதும். ஒவ்வொரு ஸ்பீக்கர் முதுகுலயும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உக்காந்து அதைத் திரும்ப இறக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆழமான பேஸ்னாலே ஆகாது. அதே வோல்டேஜ்ல ஃப்ரீக்வென்சி பாதியானா, இரும்புக்குள்ள காந்தம் ரெண்டு மடங்காகும். ஒரு அளவுக்கு மேல இரும்பு தாங்காது, சாச்சுரேட் ஆயிரும். அதுக்கப்புறம் ஆம்ப்புக்குத் தெரியறது வெறும் செப்புக் கம்பிதான், கிட்டத்தட்ட ஷார்ட்டு. அதனால பேஸ முன்னாடியே வெட்டிடுறாங்க. என் ஸ்பீக்கர்ல டிரான்ஸ்ஃபார்மரே இல்ல. யாருக்கோ போட்ட பத்தியத்த நான் 3 வாரம் இருந்திருக்கேன்!

ஆங், இதை முதல்லயே சொல்லிருக்கணும். இது புதுசு இல்ல, ஒரு அரங்கத்துல இருந்து கழட்டினது. அதனாலதான் ஸ்விட்ச் எல்லாம் அந்த அரங்கத்துக்கு வச்சபடியே வந்திருக்கு. நீங்களும் கழட்டின ஆம்ப் வாங்கினா, ஸ்பீக்கர் மாட்டறதுக்கு முன்னாடி முதுகப் பாருங்க. லோ கட் மட்டும் இல்ல, ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேக்குற பிரிட்ஜ் மோட்ல இருக்கா, 100 வோல்ட் மோட்ல இருக்கானும் பாருங்க. 8 ஓம் வீட்டு ஸ்பீக்கர 100 வோல்ட் அவுட்புட்ல மாட்டினா, முழு சவுண்டுல 1250 வாட் கேக்குற கணக்கு அது. ட்வீட்டர் போயிரும், ஆம்ப்பும் கூடவே போகலாம். 8 ஓம், 4 ஓம்னு போட்டிருக்கிற டெர்மினல்லதான் மாட்டணும்.

அடுத்து ஹம், ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு வர்ற உறுமல். இதுக்குத் தனி வீடியோவே போட்டிருக்கேன், இங்க சுருக்கமா. ஆம்ப்புக்கு சிக்னல் குடுக்கிற நம்ம பிரீஆம்ப்ல ஆர்சிஏ, அதாவது நடு முனையும் வெளி வளையமும் இருக்கிற சாதாரண ஆடியோ ஜாக். இதுல ஹாட், கோல்டு, கிரவுண்டுனு மூணு துளை ஸ்க்ரூ கனெக்டர். நிறைய பேர் கோல்டையும் கிரவுண்டையும் ஆம்ப் பக்கத்துலயே ஜம்பர் போட்டு முடிச்சிடுறீங்க. வேணாம். ஷீல்டுக்குள்ள ரெண்டு கம்பி இருக்கிற கேபிள் எடுங்க. ஒரு கம்பி ஹாட். இன்னொண்ணு கோல்டுல கிளம்பி ஆர்சிஏ வெளி வளையம் வரைக்கும் தனியாப் போகட்டும். இது பேலன்ஸ்டு இன்புட், ஹாட்டுக்கும் கோல்டுக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும் எடுத்துக்கும், ரெண்டுலயும் ஒண்ணா வர்ற இரைச்சல விட்டுரும். அந்தப் பலன்ல பெரும்பகுதி இப்படி மாட்டினாலே கெடைக்கும். அப்பவும் உறுமினா, ரெண்டு பக்கத்தையும் ஒயர் தொடர்பு இல்லாமப் பிரிக்கிற ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் சிக்னல் ஒயர்ல போடுங்க. பிளக்குல எர்த் முனையக் கழட்டினா ஹம் நிக்கும்னு ஒருத்தர் எழுதிருந்தார். சார், ஹம் நிக்கும், நாளைக்கு உள்ள ஏதாவது லீக் ஆனா ஆளும் நின்னுருவோம். அந்தக் கமெண்ட்ட நான் எடுத்துட்டேன்.

இந்த லெவல் நாப் பத்தியும் கேட்டீங்க. அதைப் பாதியா வச்சா பவர் பாதியாகும்னு நெனச்சுக்காதீங்க. அது உள்ள வர்ற சிக்னலத்தான் குறைக்குது. பிரீஆம்ப்ப ஏத்தினா அதே முழுப் பவர் வரும். ஆனா குறைச்சு வைக்கிறதுல ஒரு லாபம் இருக்கு, பிரீஆம்ப்போட இரைச்சலும் சேந்து குறையும். ஆம்ப்போட சொந்த 'உஸ்ஸ்' குறையாது. 300 வாட் ஆம்ப், இரைச்சல் முழு சவுண்டுக்கு 100 டெசிபல் கீழன்னு வைங்க. 8 ஓம்ல அரை மில்லிவோல்ட் கிட்ட வரும். என்னோட மாதிரி 86 டெசிபல் ஸ்பீக்கர்ல, அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல 86 டெசிபல் சவுண்டு குடுக்கிறதுல, இந்த இரைச்சல் 11 டெசிபல், காதுலயே விழாது. 100 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கர் வச்சிருக்கீங்களா? 25 டெசிபல். ராத்திரி எல்லாம் அடங்கினப்புறம் கேக்கும். ஹார்ன்காரங்க வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க.

ஃபேன். எனக்கு ஃபேன்னாலே ஆகாது, அது உங்களுக்கே தெரியும். ஃபேன் இல்லாத இன்ஸ்டலேஷன் ஆம்ப்பும் இருக்கு, எனக்கு அமைஞ்சது இது. சூட்டுக்குத் தகுந்த மாதிரி ஓடற ஃபேன்கிறதால வீட்டு சவுண்டுல மெதுவாத்தான் சுத்துது. அப்படியும் பாட்டுக்கு நடுவுல அமைதி வந்தா காதுல விழுது. சத்தம் இல்லாத ஃபேனா மாத்திடுங்கன்னு சொல்றீங்க. அதுல காத்து எவ்வளவு வரும்னு பாக்காம மாத்த மாட்டேன். தவிர, இதுல 24 வோல்ட் ஃபேன் இருந்து நான் 12 வோல்ட் ஃபேன மாட்டினா கருகல் வாசனைதான் வரும். மூடியத் தொறந்து அளந்துட்டு அடுத்த வீடியோல சொல்றேன்.

இதெல்லாம் சொன்னாலும், லோ கட் போனப்புறம் நேத்து ராத்திரி கேட்டேன் பாருங்க... டபுள் பாஸோட கீழ் கம்பி 41 ஹெர்ட்ஸ். அது இவ்வளவு நாளா என் வீட்டுல பேருக்குத்தான் இருந்துச்சு. நேத்து விரல் கம்பிய விடறதும், அப்புறம் மரம் அதிர்றதும் தனித்தனியாக் கேட்டுச்சு. ஒரே பாட்ட 6 தடவ போட்டேன். அறிவிப்பு சொல்ற ஆம்ப்பாம்!

இன்னொண்ணு மறந்துட்டேன். இதுல ஆட்டோ ஸ்டாண்ட்பை இருக்கு. 20 நிமிஷம் சிக்னல் வரலன்னா தானாத் தூங்கிரும். அதையும் ஒரு ஸ்விட்ச்ல நிறுத்தலாம், அது எங்கன்னா இந்த வரிசைலயே கடைசி... இருங்க. கேட்டுச்சா, டிக்குன்னு? ஃபேனும் நின்னுருச்சு. நான் பேசிட்டே இருந்ததுல தூங்கிப் போச்சு.