கையைக் கட்டாத உதவி

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளமோ, நிலநடுக்கமோ, போரோ, எது வந்தாலும் முதலில் ஓடி வருபவர்கள் அக்கம்பக்கத்தாரும் அந்தப் பகுதியிலேயே இயங்கும் சிறு அமைப்புகளும்தான். அந்த அமைப்புகளுக்கு நாம் எத்தகைய பணத்தைக் கொடுக்கிறோம் என்பதே நெடுங்காலமாக என் மனத்தை உறுத்திவரும் கேள்வி.

ஒரு வெள்ள நிவாரணப் பணியில் உள்ளூர் அமைப்பொன்றின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கொடையாளர் ஒப்புக்கொண்ட வரவுசெலவுத் திட்டத்தில் 'போர்வை' என்றொரு தலைப்பு இருந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் போர்வைகளைக் கொடுத்து முடித்திருந்தார். மக்கள் கேட்டது சேறு அள்ள மண்வெட்டியும், கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்ய ஒரு பம்பும், அது ஓட டீசலும். தலைப்பை மாற்ற அனுமதி கேட்டு எழுதினோம். விலைப்புள்ளி கேட்டார்கள், அனுப்பினோம். காரணத்தை விரிவாகக் கேட்டார்கள், அதையும் எழுதினோம். பதினொரு நாள் கழித்து அனுமதி வந்தபோது, அந்த மக்கள் கடன் வாங்கித் தாங்களே கிணறுகளை இறைத்து முடித்திருந்தார்கள். அத்தனை நாளும் பணம் வங்கியில் இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பணம் இருந்தது, அதைத் தொடத்தான் எங்களுக்கு உரிமை இல்லை.

நெகிழ்வான நிதி என்றால் கணக்குக் கேட்காத நிதி என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படியன்று. எந்த மக்களுக்காக, எந்த நோக்கத்துக்காக என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு, போர்வையா பம்பா என்பதைக் களத்தில் நிற்பவரிடம் விட்டு, பற்றுச்சீட்டுகளையும் தணிக்கையையும் பின்னர் பார்ப்பதுதான் அது.

உள்ளூர் அமைப்புகளை நம்பிப் பணம் கொடுக்க வேண்டும் என்பதை உலகம் அறியாமலும் இல்லை. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சிமாநாட்டில், பெரும் கொடையாளர்களும் உதவி நிறுவனங்களும் 'கிராண்ட் பார்கெய்ன்' என்ற உடன்பாட்டுக்கு வந்து, 2020க்குள் மனிதநேய நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை இயன்றவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு அளிப்பதாக உறுதி கூறினார்கள். உண்மையில் நேரடியாகப் போய்ச் சேர்ந்த பங்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. இந்த இடைவெளியை நான் பேசும் இடத்திலெல்லாம் சொல்கிறேன். இங்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் போர் மூண்டபின், பல உதவி நிறுவனங்கள் எட்ட முடியாத இடங்களிலும், 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் ஒன்றுகூடிய தன்னார்வலர்கள் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. வருகிற பணம் முழுவதையும் அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணிக் கொடுத்து, கையிருப்பாக ஒரு சிறு தொகையைக்கூட வைத்துக்கொள்ள விடாதபோது, ஓர் அமைப்பு இத்தகைய அடியை எப்படித் தாங்கும்?

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நிர்வாகச் செலவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; இனி அது முடியாது. ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன்: பெரிய நிறுவனம் தன் வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் ஒரு விகிதத்தைப் பெற்றுக்கொள்ளும்போது, அதே விகிதம் களத்தில் இறங்கும் சிறிய அமைப்புக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். நன்றி, வணக்கம்.