சென்னை தொலைத்த தாங்கல்

(திரை: மேற்கு மாம்பலம். 'லேக் வியூ ரோடு' பெயர்ப் பலகை)

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள், ஏரி மட்டும் தெரியாது. அங்கே இருந்த நீளமான ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இப்போது வள்ளுவர் கோட்டம். பழவந்தாங்கலில் மின்சார ரயில் நிற்கிறது; இறங்குகிறவர்களில் எத்தனை பேர் 'தாங்கல்' என்றால் என்ன என்று யோசித்திருப்பார்கள்?

தாங்கல் என்பது மழைநீரைத் தேக்கி வைக்கும் சின்ன ஏரி. 'பேரிடரைத் தாங்கும் நகரம்' என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அந்தத் தாங்குதல் நம் ஊர்ப் பெயரிலேயே இருந்திருக்கிறது.

(வரைபடம்: ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழியும் ஏரிகள்)

சென்னை ஏறக்குறைய தட்டையான ஊர். ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அதனால்தான் ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் வாய்) வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு. தென்சென்னையில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து பரவும். அப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற அமரக் கடலுக்குப் போகும்.

அந்தச் சதுப்பு நிலத்தில்தான் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், அலுவலகங்கள் கட்டினோம். 2022-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,250 ஹெக்டேர்.

(காட்சி: 2015 வெள்ளம், பிறகு வெடித்துக் கிடக்கும் ஏரிப்படுகை)

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, அடையாறு கரைபுரண்டது. நாலு வருஷம் முடிவதற்குள், 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளான பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. வெள்ளம் ஒரு நோய், வறட்சி இன்னொரு நோய் என்று தனித்தனியாக வைத்தியம் பார்க்கிறோம். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுதான்: வந்த நீருக்கு நிற்க இடமில்லை.

சரி, மழைநீர் வடிகால்? வேண்டும்தான். ஆனால் அதன் வேலை நீரை விரட்டுவது. 2023-ல் மிக்ஜாம் புயலின்போது 'கடல் தண்ணியை வாங்கல' என்று ஊரே சொன்னது. கடல் மட்டம் எழும்பி நிற்கும்போது எவ்வளவு பெரிய வடிகாலும் வாயடைத்துப் போகும்.

இப்போது கிண்டி குதிரைப் பந்தய நிலத்தில் குளம் வெட்டியிருக்கிறார்கள். தூர்த்த ஊரே திரும்ப வெட்டுகிறது! கேலியாகச் சொல்லவில்லை, செய்ய வேண்டிய வேலை.

(திரை: மொட்டை மாடி, மழைக் குழாய்)

அடுத்து, வீட்டுக் கணக்கு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டை மாடியில் ஓர் ஆண்டில் விழும் மழை சுமார் 3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 25 நடை. இதை மண்ணுக்குள் இறக்கத்தான் 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள்.

ஐப்பசிக்கு முன் மாடியிலிருந்து இறங்கும் குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே வந்து பாருங்கள். சில வீடுகளில் அது உறைகிணற்றில் முடியும். பல வீடுகளில் நேராகத் தெருவில்.