'முடியாது' என்று சொல்லும் உரிமை யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் 'அரசு என்றால் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். பிரதமர் என்பார்கள், முதலமைச்சர் என்பார்கள், கலெக்டர், போலீஸ் என்று அடுக்குவார்கள். நீதிபதியையும் அதே வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். எல்லாமே அவர்களுக்கு 'கவர்மெண்ட்'தான். அவர்களைச் சொல்லி என்ன? பெரியவர்கள் நாமே வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்! கவர்மெண்ட் தடை போட்டுவிட்டது, கவர்மெண்ட் தடையை நீக்கிவிட்டது. தடை போட்டது நீதிமன்றமா, மாவட்ட நிர்வாகமா, சட்டமன்றமா என்று யார் பிரித்துச் சொல்கிறோம்?

அப்புறம் ஒருநாள் பாடப் புத்தகத்தில் அரசின் மூன்று அங்கங்கள் வருகின்றன. சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகத்துறை அதைச் செயல்படுத்தும், நீதித்துறை நீதி வழங்கும். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதிக் கொடுப்போம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நான் நீண்ட காலம் சமூக அறிவியல் நடத்தியவள். அந்த மூன்று வரிகளில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்த பிள்ளைக்கு அன்றைய நாளிதழின் முதல் பக்கச் செய்தி புரிவதில்லையே, அதுதான் எனக்குக் கவலை. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதோடு, யார் யாரிடம் 'முடியாது' என்று சொல்லலாம், சொன்ன பிறகு மற்றவர் என்ன செய்ய முடியும் என்பதையும் காட்ட வேண்டும். அங்கேதான் பாடத்துக்கு உயிர் வருகிறது.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே சொல்லலாம். வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்துவிடுவேன். ஒரு குழு விதி எழுதும், ஒரு குழு அதை அமல்படுத்தும், மூன்று பேர் நீதிபதிகள். ஒருமுறை விதிக்குழு இப்படி எழுதியது: 'பாடம் நடக்கும்போது யாரும் தேவையில்லாமல் பேசக் கூடாது. பேசினால் இடைவேளையில் வெளியே போகக் கூடாது.' ஓட்டெடுத்து நிறைவேற்றியும் விட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே ஒரு சிறுமி பக்கத்துப் பிள்ளையிடம் எத்தனையாம் பக்கம் என்று சொன்னாள். அமல்படுத்தும் குழு உடனே பெயரை எழுதிவிட்டது. வழக்கு நீதிபதிகளிடம் வந்தது.

முதல் நீதிபதி, "பாவம் டீச்சர், விட்டுடலாம்" என்றான். பாவம் என்பது தீர்ப்பு ஆகாது, காரணம் சொல்லு என்றேன். விதியை மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, "தேவையில்லாமல்னுதானே எழுதியிருக்கு? பக்கத்தைச் சொன்னது தேவையான பேச்சுதானே?" என்றான். சட்டத்துக்கு விளக்கம் சொல்வது என்றால் என்னவென்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது நீதிபதி அதோடு விடவில்லை. "இடைவேளையில வெளியே போகக் கூடாதுன்னா தண்ணி குடிக்கவும் பாத்ரூம் போகவும் கூடாதா? இந்த விதியே தப்பு" என்றாள். விதிக்குழு கொதித்துப்போனது. "நாங்க ஓட்டுப் போட்டு எழுதினது. அதைத் தப்புன்னு சொல்ல நீங்க யாரு?"

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது நீதிபதி மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், விதி தப்புன்னு எதை வச்சுச் சொல்றது?"

இந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள் என்றுதான் ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வேன். அரசியலமைப்புச் சட்டத்தை அறிமுகம் செய்ய இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. எந்த விதி எழுதினாலும் இவற்றை மட்டும் பறிக்கக் கூடாது என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து சில வரிகளைப் பலகையில் எழுதட்டும். தண்ணீரும் கழிப்பறையும் கட்டாயம் அதில் வரும். அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று நம் அரசியலமைப்பின் 13-வது பிரிவு சொல்வதை அதற்குப் பிறகு சொன்னால், ஏற்கெனவே தெரிந்த விஷயம்போலத் தலையாட்டுவார்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேலே விளையாட்டு போதாது. உண்மையான ஒரு விவகாரத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பின்தொடர வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஜல்லிக்கட்டு வழக்கைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மாடு பிடிப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. வகுப்பில் இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருப்பார்கள், ஆசிரியர் தான் எந்தப் பக்கம் என்று சொல்லக் கூடாது. நாம் பார்க்க வேண்டியது பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை மட்டும்.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் நாடாளுமன்றம் இயற்றியது. ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த 2009-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2011-ல் மத்திய அரசு, அதாவது நிர்வாகத்துறை, ஓர் அறிவிக்கை வெளியிட்டு, வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. மாநிலத்தின் 2009 சட்டம் மத்தியச் சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றது.

இங்கே நிறுத்தி, "இப்போ யார் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "முதலமைச்சர் ஆர்டர் போடலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். கிட்டத்தட்ட அதையேதான் மத்திய அரசும் முயன்றது. 2016 ஜனவரி 7 அன்று ஜல்லிக்கட்டுக்கு விலக்கு அளித்து ஓர் அறிவிக்கை வந்தது. ஐந்தே நாளில், 12-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அமைச்சகம் போடும் அறிவிக்கை சட்டத்துக்கு உட்பட்டது, நீதிமன்றம் சட்டத்துக்குச் சொன்ன பொருளை அறிவிக்கை போட்டுத் தாண்ட நினைத்தால் அது நிற்பது கடினம் என்று பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்லலாம். அப்படியானால் சட்டத்தையே மாற்ற வேண்டும். யார் மாற்றுவது?

2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது கேள்விப்பட்ட கதை. ஜல்லிக்கட்டை அனுமதிக்க 1960 சட்டத்தைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தி, ஜனவரி 21 அன்று ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். சட்டமன்றம் கூடாத நேரத்தில் மட்டும் அரசியலமைப்பு தரும் தற்காலிக வழி அது. சட்டமன்றம் கூடியபின் நிறைவேற்றாமல் விட்டால் ஆறு வாரத்தில் காலாவதியாகிவிடும். அதனால்தான் 23-ஆம் தேதி சட்டமன்றம் கூடியதும் மசோதாவை நிறைவேற்றினார்கள். 31-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது.

நம் மாநிலச் சட்டத்துக்கு டெல்லியின் ஒப்புதல் எதற்கு என்று கூர்மையான பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். விலங்கு வதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால் மட்டும் அந்த மாநிலத்தின் எல்லைக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். 2017-ல் நடந்தது அதுதான். அதிகாரம் மூன்று அங்கங்களாகப் பிரிந்திருப்பது மட்டுமல்லாமல், மத்தியிலும் மாநிலத்திலுமாக இரண்டு மாடியாகவும் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா?

கதை இன்னும் முடியவில்லை. புதிய சட்டமும் நீதிமன்றத்துக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு விசாரித்து, 2023 மே 18 அன்று அந்தத் திருத்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் ஓர் இடத்தை நான் வகுப்பில் மறக்காமல் சொல்வேன். ஜல்லிக்கட்டு தமிழ்நாட்டின் பண்பாட்டு மரபு என்று சட்டமன்றம் முடிவு செய்திருக்கிறது, அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்றது நீதிமன்றம். மற்றவர்களை 'முடியாது' என்று நிறுத்தும் அதிகாரம் உள்ள நீதிமன்றமே, 'இது எங்கள் வேலை இல்லை' என்று ஒதுங்கி நிற்கும் இடமும் உண்டு. மூன்று கட்டப் படத்தில் இது தெரியாது.

நிர்வாகத்துறை பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். அமைச்சரும் நிர்வாகம், தாசில்தாரும் நிர்வாகம் என்றால், இரண்டு பேரும் ஒன்றா? 1999 ஏப்ரல் 17 அன்று நடந்ததைச் சொல்லுங்கள். மக்களவையில் வாஜ்பாய் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு ஓட்டில் அரசு கவிழ்ந்தது. "அப்போ மறுநாள் ஸ்கூல் லீவா டீச்சர்?" என்று கேட்பார்கள், ஆசையோடு! லீவும் இல்லை, ரயிலும் நிற்கவில்லை, கலெக்டர் அலுவலகமும் மூடவில்லை. தேர்தலில் வந்து போகிறவர்கள் ஒரு வகை, பணியில் நிரந்தரமாக இருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானவர்கள், அங்கே பெரும்பான்மை போனால் பதவியும் போகும். தேர்தல் நடந்து புதிய அரசு அமையும்வரை வாஜ்பாயே காபந்துப் பிரதமராக இருந்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாற்காலி காலியாகக் கிடந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் இந்தப் பாடத்துக்குக் கிடைக்கும் படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே அமைச்சராக இருப்பவர் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருக்க முடியாது. இங்கே நேர்மாறு. உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால், ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராகியே தீர வேண்டும். அதனால் நம் அமைச்சர் ஒரே நேரத்தில் இரண்டு கட்டத்திலும் இருப்பார். அங்கே அதிபர் ஒரு மசோதாவை நிராகரித்தால், இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால்தான் அதை மீற முடியும். நம் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றம் அனுப்பிய மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். பண மசோதாவை அப்படியும் அனுப்ப முடியாது. மற்ற மசோதாக்கள் மறுபடியும் நிறைவேறி வந்தால் ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். அமெரிக்கப் படத்தைக் காட்டி இந்தியப் பாடம் நடத்தினால், பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

இவ்வளவும் சொன்ன பிறகு வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்கும்போதே எனக்கு உற்சாகம் வந்துவிடும். "கடைசி வார்த்தை யாரோடது?"

1951-க்குப் போங்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த அரசாணையை முதலில் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ரத்து செய்தன. அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே முதன்முறையாகத் திருத்தி, பின்தங்கிய வகுப்பினருக்காகத் தனி ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவைச் சேர்த்தது. நீதிமன்றம் சொன்னதற்கு நாடாளுமன்றம் தன் வழியில் பதில் சொன்னது. அப்படியானால் நாடாளுமன்றம் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அதற்குப் பதில் சொன்னார்கள். திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. ஏழு பேர் இப்படிச் சொன்னார்கள், ஆறு பேர் இதை ஏற்கவில்லை.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் இதற்கு விடை எழுதிப் போடாதீர்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 1951-ஐ வைத்தும் மறுபக்கம் 1973-ஐ வைத்தும் வாதாடட்டும். அடுத்த முறை அணிகளை மாற்றி, நேற்று எதிர்த்ததை இன்று ஆதரித்துப் பேசச் சொல்லுங்கள். முன்பெல்லாம் நீதிமன்றம் எப்படி இருக்கும் என்று நாம் வாயால்தான் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. நாடாளுமன்றம் தொலைக்காட்சியிலேயே வருகிறது. விவாதத்துக்கு முந்தின வாரம் இரண்டிலும் கால் மணி நேரம் போட்டுக் காட்டுங்கள். ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வழக்கறிஞரை நீதிபதி இடைமறித்துக் கேள்வி கேட்பதையும், அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வதையும் பார்த்த பிள்ளைகள், தங்கள் விவாதத்திலும் எதிரணியை இடைமறித்துக் காரணம் கேட்பார்கள். கேட்க விடுங்கள்.

நன்றி, வணக்கம்.