ஆடாத வீரருக்கு 8.5 கோடி டாலர்

நேயர்களுக்கு வணக்கம்.

2024 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ் அணி, ரஸ்ஸல் வில்சன் என்ற நட்சத்திர குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரை, விடுவித்தது. இனி தங்களுக்காக ஆடவே போகாத அவருக்காக 8.5 கோடி டாலரைத் தன் சம்பளக் கணக்கில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீக்கில் அதற்கு முன் எந்த அணியும் தான் அனுப்பிவிட்ட ஒரே வீரருக்காக இதில் பாதியைக்கூடச் சுமந்ததில்லை. அந்த முடிவு சரி என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த லீக்கில் 32 அணிகளுக்கும் ஒரே சம்பள வரம்பு. லீக்கின் வருமானத்தை, முக்கியமாக டிவி ஒப்பந்தப் பணத்தை, வைத்து ஆண்டுதோறும் அதை நிர்ணயிக்கிறார்கள். 1994-இல் இந்த முறை வந்தபோது வரம்பு 3.46 கோடி டாலர். 2024-இல் 25.54 கோடி. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. டென்வர் அணியை 2022-இல் 465 கோடி டாலர் கொடுத்து வாங்கியவர்கள் வால்மார்ட் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் அதே வரம்புதான்.

ஆனால் இந்த வரம்பில் ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் வீரருக்கு ஒரு பெரிய போனஸ் கொடுக்கலாம். பணம் உடனே அவர் கைக்குப் போய்விடும். கணக்கில் மட்டும் அதை ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுதலாம். இந்த ஆண்டுச் சுமை லேசாகத் தெரியும். ஆனால் வீரர் நடுவில் போய்விட்டால், எழுதாமல் வைத்த மிச்சம் மொத்தமாக வந்து விழும். அதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஜூன் 1-க்குப் பிந்தைய விடுவிப்பு என்று அறிவித்தால் இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். டென்வர் அதைத்தான் செய்தது: 2024-இல் 5.3 கோடி, 2025-இல் 3.2 கோடி.

தவறு நடந்தது 2022-இல். டிராஃப்ட் என்பது புதிய வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் சுற்றுச் சுற்றாக முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. சியாட்டில் அணியிலிருந்து வில்சனைப் பெற இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், கூடவே மூன்று வீரர்கள் என்று அள்ளிக் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தபோதே, டென்வருக்காக அவர் ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்னால், 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அந்த நீட்டிப்பின் முதல் ஆண்டு 2024. அது தொடங்கும் முன்பே அவர் வெளியே போய்விட்டார்.

சரி, இன்னும் ஒரு வருடம் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். அந்த மார்ச்சில் அவர் அணியில் நீடித்திருந்தால், 2025-க்கான 3.7 கோடியும் உறுதியாகியிருக்கும். பள்ளம் இன்னும் ஆழமாகியிருக்கும்.

இதில் என் மனதை மிகவும் வருத்துவது ஜஸ்டின் சிம்மன்ஸ் கதைதான். 2016 டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் வந்து, எட்டு சீசன் டென்வரின் பின்களத்தைக் காத்தவர். சமூகப் பணிக்காகவும் ஊரார் மதித்த மனிதர். அவரை விடுவித்தால் வரம்பில் 1.45 கோடி மிச்சமாகும் என்பதால் அதே மார்ச்சில் அனுப்பிவிட்டார்கள். அவர் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் அணி பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்கு, போனதில்லை. அவர் போன அடுத்த சீசனிலேயே போனது. யாரோ போட்ட கையெழுத்துக்கு இவர் விலை கொடுத்தார். சம்பள வரம்பைப் பற்றிப் பேசுபவர்கள் எண்களை மட்டும் பேசுவது எனக்குப் போதவில்லை.

அணி எப்படித் தப்பியது? அந்த ஏப்ரல் டிராஃப்டில் 12-ஆவது இடத்தில் போ நிக்ஸ் என்ற புதிய குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். புதிய வீரர்களின் சம்பளம் டிராஃப்ட் இடத்தை ஒட்டி நிர்ணயமாகிறது. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து அவருக்குச் சுமார் 1.86 கோடிதான். வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு டெட் மணியாகப் போயும், பயிற்சியாளர் ஷான் பேட்டன் அந்த அணியை வைத்து 10 ஆட்டங்களில் ஜெயித்தார்.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் நேர்மாறான பாதையில் போனது. ஒவ்வொரு மார்ச்சிலும் சம்பளங்களை போனஸாக மாற்றி, சுமையை அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளியது. அதன் குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ் ஆடிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது; கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2021-இல் அவர் ஓய்வு பெற்ற பிறகும் தள்ளிக்கொண்டே இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

டென்வரோ 2025 மார்ச்சில், 3.2 கோடி பாக்கியோடே, சான் பிரான்சிஸ்கோ அணியிலிருந்து ஹுஃபங்கா, கிரீன்லா என்ற இரண்டு வீரர்களைக் கொண்டுவந்தது. அடுத்த பெரிய கையெழுத்து நிக்ஸுக்கானது. லீக் விதிப்படி மூன்று சீசன் முடிந்த பிறகுதான் அவரோடு நீட்டிப்பு பேச முடியும். வில்சன் விஷயத்தில் எடுத்துக்கொள்ளாத அவகாசம் இந்த முறை விதியாலேயே கிடைக்கிறது. அந்த மூன்று சீசனையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தொகையைப் பேசுங்கள் என்பதுதான் ஒரு ரசிகனாக நான் அவர்களிடம் கேட்பது.

நன்றி, வணக்கம்.