புது வீட்டுக்குத் தண்ணீர் மீற்றர் வேண்டுமா?

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்தில் வீடு மாறும்போது எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று பார்ப்பார்கள், ரெயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள், கவுன்சில் வரி எந்தப் பிரிவு என்று விசாரிப்பார்கள். அந்த வீட்டில் தண்ணீருக்கு எப்படிக் காசு கட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. முதல் பில் வந்த பிறகுதான் பேச்சுத் தொடங்கும். "நிறையப் பேர் இருக்கிற வீடு, மீற்றர் பக்கமே போகாதே" என்பார் ஒருவர். "மீற்றர் போட்டால் பாதிக் காசு மிச்சம்" என்பார் மற்றவர். இருவரும் தங்கள் தங்கள் வீட்டுக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

மீற்றர் இல்லாத வீட்டு பில்லுக்கும் நீங்கள் பாவிக்கும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லை. 1990க்கு முன்பு, உள்ளூர் வரி அறவிடுவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் 'ரேற்றபிள் வல்யூ' என்று ஒரு மதிப்புப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வரி 1990இல் போய்விட்டது. மதிப்பு மட்டும் தண்ணீர் பில்லில் இன்றைக்கும் நிற்கிறது. அதை மாற்றித் தரும்படி இனி யாரிடமும் கேட்க முடியாது. ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் தொகை ஒன்றுதான்.

1990க்குப் பிறகு கட்டிய வீடுகளில் பெரும்பாலும் மீற்றர் இருக்கும். பழைய வீடு என்றாலும் முன்பு இருந்தவர் போட்டிருக்கலாம். அப்படி ஏற்கெனவே இருக்கும் மீற்றரை எடுத்துவிடச் சொல்லும் உரிமை புதிதாகக் குடிவருபவருக்கு இல்லை. மீற்றர் இல்லாத வீடாக இருந்தாலும், ஆள் மாறும் நேரத்தில் மீற்றர் பூட்டச் சட்டம் தண்ணீர் நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையான பகுதிகளில், குறிப்பாகத் தென்கிழக்கு இங்கிலாந்தில், வீட்டாரின் சம்மதம் இல்லாமலே பூட்டலாம். ஆகவே வீடு வாங்கக் கையெழுத்து வைக்கும் முன்பே விற்பவரின் கடைசித் தண்ணீர் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டு முகவரின் வாய்ச்சொல் போதாது.

சரி, தெரிவு உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கையறைகளின் எண்ணிக்கையை விட ஆட்கள் அதிகம் இல்லையென்றால் மீற்றர் லாபம் என்று இங்கே பொதுவாகச் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது நல்ல அளவுகோல். ஆனால் கடதாசியும் பேனையும் எடுத்து உட்காருங்கள் என்றுதான் நான் சொல்வேன். இந்த நாட்டில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 லீற்றர் பாவிக்கிறார். ஆண்டுக்கு 51 கனமீற்றர் (ஒரு கனமீற்றர் என்பது 1,000 லீற்றர்). இரண்டு பேருக்கு 102, ஆறு பேருக்கு 306. அதை உங்கள் நிறுவனத்தின் விலையால் பெருக்க வேண்டும். கழிவுநீருக்குத் தனி விலை உண்டு, நிலையான கட்டணமும் உண்டு, இரண்டையும் சேர்க்க மறக்கக்கூடாது. வடமேற்கு லண்டனில் ஹரோ போன்ற இடங்களில் தண்ணீர் தருவது ஒரு நிறுவனம், கழிவுநீரை எடுப்பது இன்னொரு நிறுவனம். அங்கே பலர் ஒரு விலையை மட்டும் பார்த்துவிட்டு மலிவு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

எங்கள் வீடுகளின் பழக்கத்தையும் கணக்கில் எடுங்கள். தினமும் குளிப்பு, அரிசி பலதரம் களைவது, மீன் இறைச்சி கழுவுவது, பெரிய சட்டி பானைகள், கோடையில் ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் நிற்கும் அம்மா அப்பா. சராசரிக்கு மேலேதான் போகும்.

இங்கே ஒரு சலுகை இருக்கிறது, நன்றாகக் கேளுங்கள். மீற்றர் இல்லாதவர் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், இலவசமாகவே பூட்டித் தருவார்கள். தானாகக் கேட்டுப் போட்டவர், கட்டுப்படியாகாவிட்டால், நிறுவனத்தைப் பொறுத்து ஓராண்டுக்குள்ளோ இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ பழைய முறைக்குத் திரும்பலாம். அந்தக் காலம் தாண்டினால் திரும்ப வழியில்லை. ஆகவே ஆறேழு பேர் உள்ள குடும்பம் அவசரப்பட வேண்டியதில்லை. ஒருவரோ இருவரோ என்றால் குடிபோன கிழமையே விண்ணப்பியுங்கள். சில தொடர்மாடிகளில் குழாய் அமைப்பினால் மீற்றர் பூட்டவே முடியாது. அப்போது 'மதிப்பிட்ட கட்டணம்' (அசெஸ்ட் சார்ஜ், அதாவது வீட்டின் அளவையோ ஆட்களின் எண்ணிக்கையையோ பார்த்துப் போடும் கட்டணம்) தாருங்கள் என்று கேளுங்கள். தனியாக இருப்பவருக்கு அதிலும் குறைவு கிடைக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது எங்கள் முதியவர்களின் வீடுகள். தொண்ணூறுகளில் ஏழெட்டுப் பேராக வந்து குடியேறிய வீட்டில் இன்று அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். சில வீடுகளில் அம்மா மட்டும். பில்லோ பழைய மதிப்பின்படியே வருகிறது, ஓய்வூதியத்திலிருந்து அதை மறுபேச்சில்லாமல் கட்டுகிறார்கள். பிள்ளைகளே, இந்த வார இறுதியில் போனால் அந்தப் பில்லை எடுத்துப் பாருங்கள். ஒரு தொலைபேசி அழைப்புத்தான்.

மீற்றர் வந்த பிறகு ஒழுக்குக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு மீற்றர் எண்ணைக் குறியுங்கள், விடிய எழும்பி யாரும் தண்ணீர் தொடும் முன்பு மறுபடி பாருங்கள். எண் ஓடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியில். உங்கள் காணி எல்லையிலிருந்து வீடு வரையுள்ள குழாய் பொதுவாக உங்கள் பொறுப்பு. அது நிலத்துக்கடியில் ஒழுகியது என்றால், திருத்திய பிறகு பில்லில் தள்ளுபடி கேட்கலாம்.

பணத்துக்கு அப்பால், மீற்றர் நியாயமானது என்பதே என் எண்ணம். ஹரோ, வட்போட் பக்கத்துத் தண்ணீரில் கணிசமான பகுதி சுண்ணக்கல் நிலத்தடி நீர், யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் போலவே. அதை இறைக்க இறைக்க செஸ், வெர் போன்ற சிற்றாறுகள் வற்றுகின்றன. ஆனால் அந்தச் சுமையை வசதி குறைந்த பெரிய குடும்பங்கள் தலையில் ஏற்றக்கூடாது. அதற்காகத்தான் 'வோட்டர் ஷுவர்' திட்டம் இருக்கிறது. மீற்றர் உள்ள வீட்டில், குறிப்பிட்ட சில அரச உதவிப்பணம் பெறுபவருக்கு, 19 வயதுக்குக் குறைந்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிறுவர் உதவித்தொகை கிடைத்தாலோ, நோய் காரணமாக நிறையத் தண்ணீர் தேவைப்பட்டாலோ, பில்லுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒப்பந்தம் இருந்து, தண்ணீர் பில் உங்கள் பெயரில் வந்தால், மீற்றர் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீற்றர் உள்ள வீடு என்றால், திறப்பு கைக்கு வரும் அன்றே எண்ணைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.