ஜூரி அறைக்குள் ஒரு மைக்
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, இந்த அரங்கை வாடகையில்லாமல் பிடித்துக் கொடுத்த பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் இப்போதே கடிகாரம் பார்க்கும் என் துணைவியார் அவர்களே, வணக்கம்.

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் 30 வருஷம் என்ன செய்தேன் என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம்: வகுப்பறை, ஆராய்ச்சி, நீதிபதி நியமனம்.

1870-இல் ஹார்வர்டில் டீனாக வந்த லாங்டெல், பாடத்தை ஒப்பிக்க வைப்பதை விட்டு, தீர்ப்புகளைக் கையில் கொடுத்துக் கேள்வி கேட்டார். இன்றும் அதுதான் வழக்கம். ஆனால் தீர்ப்பும் ஏடுதானே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சாட்சி சொன்னவரின் கை நடுங்கியதா என்பது அப்பீல் தீர்ப்பில் இருக்காது.

சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும் இதே குறை. வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் சாதாரண ஜனங்கள் 12 பேர், அதாவது ஜூரி, பூட்டிய அறைக்குள் என்னதான் பேசுகிறார்கள்? 1954-இல் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில், ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் ஜூரி அறையில் மைக்கை ஒளித்து வைத்தார்கள். நீதிபதி சம்மதித்தார். இரு தரப்பு வக்கீல்களுக்கும் தெரியும். தெரியாதது உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தான்! கல்யாணத்தை மாப்பிள்ளைக்குச் சொல்லாத கதை. மறுவருஷம் விஷயம் வெளியே வந்தது. செனட் துணைக்குழு பேராசிரியர்களைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தது. 1956-இல் சட்டமே வந்துவிட்டது: ஃபெடரல் ஜூரி பேசுவதைப் பதிவு செய்தால் குற்றம்.

சரி, மைக் போச்சு. அந்தச் சிகாகோ பேராசிரியர் குழுவில் இருந்த ஹாரி கால்வனும் ஹான்ஸ் சைசலும் நீதிபதிகளுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள்: ஜூரி என்ன முடிவு சொன்னது, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 3,576 குற்ற வழக்குகள். முக்கால்வாசியில் இரண்டும் ஒன்றே. ஒத்துப்போகாத இடங்களில் பெரும்பாலும் ஜூரிதான் இளகியிருந்தது. சட்டம் படிக்காத ஜனங்கள்!

அந்த அறைக்குள் போக எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மூன்று தடவை அழைப்பு வந்தது. சட்டப் பேராசிரியர் என்றதும் வக்கீல்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கோ கதவு திறந்திருக்கிறது. வெள்ளைக்காரர் மட்டுமே ஜூரி என்றிருந்த வெஸ்ட் வர்ஜீனியா சட்டத்தை உச்ச நீதிமன்றம் அடித்தது 1880-இல். நாமோ குடியுரிமை வாங்கிய கையோடு பாஸ்போர்ட்டுக்கு ஓடுகிறோம். ஜூரி சம்மன் வந்தால் மட்டும் ‘இங்கிலீஷ் வராது’ என்று எழுதிப் போடுகிறோம். ஆபீஸில் மேனேஜர் வேலை பார்த்துக்கொண்டு! ஏட்டுச் சுரைக்காய் என்றேனே, கறிச் சுரைக்காய் அங்கேதான் காய்க்கிறது.

நீதிபதி நியமனம் இருக்கட்டும், வடை ஆறுகிறது. போன வாரம் நம் பொருளாளர் ஒரு சம்மனைக் காட்டி, “இதிலிருந்து எப்படி சார் கழன்றுகொள்வது?” என்று கேட்டார். ஐயா, திங்கட்கிழமை காலை 7 மணிக்கு வாசலில் நில்லுங்கள். நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன்.